முள்ளு ஏறினால் முதல் ஹீற்றரைப் போட்டுப் பாருங்கோ

யாழ்ப்பாணத்தில கார் வச்சிருக்கிற ஆரிட்டயாவது போய் உங்கட காரில ஹீற்றர் வேலை செய்யுதோ எண்டு கேட்டுப் பாருங்கோ, உங்களை ஒரு மாதிரித்தான் பாப்பினம். சித்திரை வெயிலுக்குக் கார்க் கதவைத் திறந்தாலே அடுப்படிக்குள்ள தலையை விட்ட மாதிரி இருக்கும், ஸ்ரியறிங்கைத் துவாய் சுத்தித்தான் பிடிக்கோணும், இதுக்குள்ள ஹீற்றரோ எண்டு. நானும் அப்பிடித்தான் இருந்தனான். சிவப்பும் நீலமும் போட்ட அந்த லீவர் எங்கட காரில 14 வருசமா நீலத்தை விட்டு அசைஞ்சதே இல்லை.

கார் அப்பான்ர. 1993 ஆம் ஆண்டுக் கொரோலா, ஏஇ100, 1500 சிசி 5ஏ இஞ்சின். 2020இல வெளிநாட்டில இருந்து வாகனம் இறக்கிறதை நிப்பாட்டினாப் பிறகு இப்பிடியான கிழட்டுக் காருகளுக்கெல்லாம் பொன் விலை வந்திட்டுது, 2025இல திரும்பத் திறந்து விட்டும் வரியைக் கேட்டா எங்கட கைக்குக் கிட்டவும் போகேலாது, ஆனபடியால் இருக்கிறதை வச்சுத் தேய்க்கிறம். அப்பா பென்சன் எடுத்த வாத்தியார், காரை வடிவாத் துடைப்பார், பொனற்றைத் திறக்கமாட்டார். அது என்ர பங்கு.

பிரச்சினை தொடங்கினது நல்லூர்த் திருவிழாக் காலம். கோயிலைச் சுத்தி றோட்டுகள் பூட்டினபடியால் எல்லா வாகனமும் ஒழுங்கையளுக்கால நெரிஞ்சு ஊர்ந்துகொண்டு போகுது, ஏசி போட்டிருக்கு, பாத்துக்கொண்டிருக்க இஞ்சின் சூடு காட்டுற முள்ளு நடுவை விட்டு மெல்ல மேல ஏறுது. ஏசியை நிப்பாட்டிப்போட்டு ஒரு மாதிரி வீட்ட வந்து சேந்தம். அடுத்த நாள் ஒரு கராஜ்ஜுக்குக் கொண்டு போனம், பேர் வேண்டாம், எனக்கு ஆரோடயும் கோவம் இல்லை (கொஞ்சம் இருக்கு). அவங்கள் பாத்துப்போட்டு தெர்மோஸ்ரற் (இஞ்சின் சூடாகிற மட்டும் தண்ணியை ஆற வைக்கிற ரேடியேற்றருக்கு விடாமல் பிடிச்சிருக்கிற வால்வ்) பழுது, இஞ்சத்தைய சூட்டுக்கு உது தேவையே இல்லை எண்டு கழட்டி எறிஞ்சிட்டாங்கள். இடப்பக்கக் கால் வைக்கிற இடத்தில காப்பற் ஈரமா இருந்தது, அதையும் பாத்துப்போட்டு ஹீற்றர் ஒழுகுது, டாஷ்போர்ட் முழுக்கக் கழட்டோணும், பேசாம லைனை வெட்டி விடுவம் எண்டு இஞ்சினில இருந்து ஹீற்றருக்குப் போற ரெண்டு ஹோசையும் ஒரு துண்டு பைப்பால தங்களுக்குள்ளயே இணைச்சு விட்டாங்கள். பிறகு கராஜ் கிணத்துத் தண்ணியை வாளியால அள்ளி ரேடியேற்றருக்குள்ள ஊத்தி அனுப்பிவிட்டாங்கள்.

அதுக்குப் பிறகு முள்ளு ஏறவே இல்லை. ஏறாதது மட்டுமில்லை, றோட்டில கொஞ்சம் வேகமா ஓடினா நடுவுக்குக் கூட வராமல் கீழயே கிடக்கும். எங்களுக்குச் சரியான புழுகம். அது நல்ல அறிகுறி இல்லை எண்டு அப்ப தெரியேல்லை.

மார்கழி லீவுக்கு நுவரெலியா போவம் எண்டு வெளிக்கிட்டம், அப்பா, அம்மா, தம்பி, நான். விடிய 4 மணிக்கு வெளிக்கிட்டு ஆனையிறவு தாண்டி, முறிகண்டியில இறங்கித் தேங்காய் உடைச்சுக் கச்சானும் வாங்கிக்கொண்டு ஏ9ஆல போக கார் பஞ்சு மாதிரிப் போகுது, முள்ளு கீழ. கண்டி தாண்டி கம்பளை, புசல்லாவை எண்டு ஏத்தம் தொடங்கினாப் பிறகுதான் முள்ளு உயிர் வந்த மாதிரி எழும்பினது. இறம்பொடைக்கு மேல வளைவுகளில ரெண்டாவது கியரில நாலு பேரும் பெட்டியளும், முள்ளு சிவப்புக்குக் கிட்ட. அந்த நேரம் பாத்து மப்பு இறங்கிக் கண்ணாடி முழுக்கப் புகார் பிடிச்சிட்டுது. ஏசி போட்டா கண்ணாடி தெளியும், ஆனா இஞ்சினுக்கு இன்னும் பாரம். ஏசியை நிப்பாட்டினா முன்னுக்கு வாற பஸ் தெரியாது. எங்கயோ வாசிச்ச ஞாபகத்தில நான் ஹீற்றரைச் சிவப்புக்குத் தள்ளி ஃபானை முழுக்கப் போட்டன், இஞ்சின் சூடு உள்ளுக்கு வந்தா அதுக்கும் ஆறுதல், கண்ணாடியும் தெளியும் எண்டு. ஐஸ் மாதிரிக் காத்து வந்திச்சுது. இஞ்சின் கொதிக்குது, ஹீற்றருக்கால குளிர் காத்து! அம்மா போர்வையை எடுத்துப் போத்திக்கொண்டு முருகா எண்டா.

கரையில நிப்பாட்டினம். அப்பா உடன பொனற்றைத் திறந்து ரேடியேற்றர் மூடியைத் திருகப் போனார், நான் கத்தின கத்தில கையை எடுத்திட்டார். சூடா இருக்கேக்க அந்த மூடியைத் தொடவே கூடாது, துவாய் போட்டுத் திறக்கிறதும் வேண்டாம், உள்ளுக்க தண்ணி 100 பாகைக்கு மேலயும் கொதிக்காமல் நிக்கிறதே அமுக்கத்திலதான், அமுக்கம் போன உடன முழுக்க முகத்துக்குத்தான் வரும். ஒரு மணித்தியாலம் தேத்தண்ணிக் கடையில இருந்தம். பிறகு ஸ்ராட் பண்ணி விட்டு, கடைக்கார அக்கா தந்த இளஞ்சூட்டுத் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டம். பச்சைத் தண்ணியைக் கொதிச்ச இஞ்சினுக்குள்ள ஒரேயடியா ஊத்தினா இஞ்சின்ர மேல் பாகமான ஹெட் வெடிக்கலாம், அது அலுமினியம். நுவரெலியாவில ரெண்டு நாளும் காரை எடுக்கேல்லை, இறங்கேக்க இறக்கம் தானே, தப்பி வந்திட்டம்.

ஊருக்கு வந்தாப் பிறகு அப்பான்ர பழைய சிநேகிதர் ஒருத்தரைப் பிடிச்சன். கோண்டாவில் பக்கம், கராஜ் எல்லாம் விட்டுக் கன காலம், ஐயா எண்டுதான் கூப்பிடுறனான். 90களில பெற்றோல் தடையா இருந்த காலம் ஏ40, மொறிஸ் மைனர் எண்ட பழைய இங்கிலாந்துக் காருகளை மண்ணெண்ணெயில ஓட வச்ச ஆக்களில ஒருத்தர். ரெண்டு சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்குள்ள விட்டு ஸ்ராட் எடுத்துப்போட்டு மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. தெர்மோஸ்ரற்றைக் கழட்டின கதையைச் சொன்ன உடன மனுசனுக்குக் கோவம் வந்திட்டுது. "பிள்ளை, அந்த நாளையில நாங்கள் ரேடியேற்றருக்கு முன்னால மட்டையை வச்சு மறைச்சு இஞ்சினைச் சூடாக்கினனாங்கள், சூடில்லாட்டி மண்ணெண்ணெய் எரியாது, புகைஞ்சுகொண்டு நிக்கும். இப்பத்தையவங்கள் நல்லா ஓடுற இஞ்சினைக் குளிர வச்சுப்போட்டு நன்மை செய்ததா நினைக்கிறாங்கள்."

அவர் விளங்கப்படுத்தினது இதுதான். தெர்மோஸ்ரற் சும்மா ஒரு கதவில்லை. எங்கட இஞ்சினில அதுக்குக் கீழ இன்னொரு தட்டு இருக்கு, சூடாகி மேல் வாசல் திறக்கேக்க அந்தத் தட்டு பைபாஸ் ஓட்டையை மூடும், அப்பதான் தண்ணி முழுக்க ரேடியேற்றருக்கால போய் ஆறி வரும். கழட்டி எறிஞ்சா பைபாஸ் எந்த நேரமும் திறந்தபடி, தண்ணியில ஒரு பங்கு ரேடியேற்றரைப் பாக்காமலே இஞ்சினுக்குள்ள சுத்திக்கொண்டிருக்கும். நேர் றோட்டில காத்து அடிக்கிறபடியால் குளிர்ந்து போய் முள்ளு கீழ கிடக்கும், ஏத்தத்தில பாரம் இழுக்கேக்க கொதிக்கும். எங்களுக்கு நடந்தது அச்சொட்டா அதுதான். இஞ்சின் எந்த நேரமும் குளிரா ஓடினா பெற்றோலும் கூடக் குடிக்கும், ஒயிலுக்குள்ள ஈரமும் காயாது. ஒயில் மூடியைக் கழட்டிப் பாத்தா அடியில வெண்ணெய் மாதிரி ஒரு படை, எனக்கு நெஞ்சு இடிச்சுது, ஹெட் கஸ்கற் (ஹெட்டுக்குக் கீழ தண்ணியும் ஒயிலும் கலக்காமல் பிடிக்கிற தகடு) பழுதாப் போச்சுது எண்டு. அவர் டிப்ஸ்ரிக்கை இழுத்துப் பாத்து ஒயில் சுத்தமா இருக்கு, இது குளிர் ஓட்டத்தில வந்த ஈரம், பயப்பிடாதை எண்டார். எண்டாலும் விடேல்லை, அடுத்த நாள் விடிய ஆறின இஞ்சினை ஸ்ராட் பண்ணி மேல் ஹோசை நசிச்சுக்கொண்டு நிண்டார். கஸ்கற் போயிருந்தா இஞ்சின் காத்து தண்ணிக்குள்ள புகுந்து, சூடாக முன்னமே ஒரு நிமிசத்தில ஹோஸ் கல்லு மாதிரி இறுகும், மூடியைத் திறந்து விட்டுப் பாத்தா விடாமல் குமிழி வந்துகொண்டிருக்கும். எங்கடது மெத்தெண்டு இருந்தது. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய்.

சரி, அப்ப நல்லூர்ல ஏன் முதல் சூடானது? ஐயா சொன்ன கணக்கு இது: ஊர்ந்து போகேக்க மட்டும் சூடாகி ஓடினா இறங்குது எண்டா காத்துப் பிழை, ஃபானைப் பார். ஓட ஓட, ஏற ஏறச் சூடாகுது எண்டா தண்ணிப் பிழை, ரேடியேற்றர், தண்ணியைத் தள்ளுற பம்ப், தெர்மோஸ்ரற்றைப் பார். இந்த ஒரு விசயம் தெரிஞ்சிருந்தாலே பாதிக் காசு மிச்சம். அவர் ஃபான் சென்சர் வயரைக் கழட்டினார், ரொயோட்டாவில இந்தக் காலத்து மொடல்களில அதைக் கழட்டி விட்டு சாவியைப் போட்டா ஃபான் தானாச் சுத்தோணும். சுத்தேல்லை. ஒரு சுத்தியல் பிடியால மோட்டருக்கு மெல்லத் தட்டினார், சுத்தத் தொடங்கிட்டுது. உள்ளுக்க பிரஷ் தேஞ்சு போச்சு, நினைச்சா ஓடும் நினைக்காட்டி நிக்கும். அப்ப கழட்டி எறிஞ்ச தெர்மோஸ்ரற் நல்லதா இருந்திருக்கும், பாவம்.

பிறகு ரேடியேற்றர். இஞ்சினை நல்லாச் சூடாக்கி நிப்பாட்டிப்போட்டு, ஃபான் வயரையும் கழட்டிப்போட்டு (இல்லாட்டி விரலைக் கொண்டுபோகும்), ரேடியேற்றர் முகத்தில கையை மெல்ல வச்சுப் பாக்கச் சொன்னார். ஒரு பக்கம் சுடுது, கீழ் மூலையில உள்ளங்கை அளவு இடம் பச்சத் தண்ணி மாதிரி. அந்த இடத்துக் குழாயள் அடைச்சிட்டுது. ஏன் அடைச்சது எண்டு யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, உங்கட வீட்டுக் கேத்திலுக்குள்ள எட்டிப் பாருங்கோ. எங்கட நிலமே சுண்ணாம்புக் கல்லு, கிணத்துத் தண்ணியைக் காய்ச்சக் காய்ச்ச வெள்ளைப் படை படியும், நாங்கள் கேத்திலை மாதத்துக்கு ஒருக்கா வினாகிரி விட்டுக் கழுவுறம், அதே தண்ணியை ரேடியேற்றருக்கு ஊத்தி வருசக்கணக்காக் கொதிக்க விடுறம். தீவுப் பக்கத்துச் சவர்த் தண்ணி எண்டா இன்னும் மோசம், படையோட துருவும் சேரும். கூலன்ற் (ரேடியேற்றர்த் தண்ணியோட கலக்கிற திரவம்) எண்டா குளிர் நாட்டுக்கு, உறையாமல் இருக்கத்தான் எண்டு கன பேர் நினைக்கினம், நானும் நினைச்சனான். உறையாமல் இருக்கிறது அதின்ர ஒரு வேலை, இஞ்சின் உள்ளுக்குத் துருப் பிடிக்காமல் வச்சிருக்கிறது, கொதிநிலையைக் கொஞ்சம் ஏத்துறது, பம்ப் சீலைக் காப்பாத்திறது எல்லாம் மற்ற வேலை. கலக்கிறதுக்கு வடிச்ச தண்ணி, பற்றிக்கு விடப் போத்தலில விக்கிற அந்தத் தண்ணிதான். பாதிக்குப் பாதி.

மூடியையும் மாத்தினம். மேல 0.9 எண்டு அடிச்சிருக்கும், அந்தளவு அமுக்கம் வரும் மட்டும் பிடிச்சிருக்கோணும், அப்பிடிப் பிடிச்சா வெறுந் தண்ணியும் 118 பாகை மட்டும் கொதிக்காது. எங்கட மூடியின்ர ரப்பர் வெடிச்சு, ஸ்பிறிங் தளந்து கிடந்தது. நுவரெலியா கடல் மட்டத்தில இருந்து 1868 மீற்றர், அங்க திறந்த சட்டியில தண்ணி 94 பாகையிலயே கொதிச்சிடும், அப்ப பிடிக்காத மூடியோட மலை ஏறினா என்ன நடக்கும்? ஒரு சின்ன மூடி. வில்லன்களில மிக மலிவானது அதுதான்.

ஹீற்றர் கதைதான் எனக்கு இதில ருசியான பகுதி. ஐயா காப்பற்றைத் தூக்கி அந்த ஈரத்தைத் தொட்டு மணந்து பாத்தார், நாக்கில வைக்கேல்லை நல்லகாலம். ஹீற்றர் ஒழுகினா கூலன்ற்றின்ர நிறம் இருக்கும், ஒரு இனிச்ச மணம் வரும், கையில வழுவழுக்கும், முன் கண்ணாடியில எண்ணெய்ப் படை மாதிரிப் புகார் நிக்கும். ஆனா எங்கட காருக்குள்ள ஓடினது கிணத்துத் தண்ணி எல்லோ, நிறமும் இல்லை மணமும் இல்லை, எப்பிடிக் கண்டுபிடிக்கிறது! அவர் கேட்ட கேள்வி ஒண்டுதான்: "ஏசி போடாத நாளில நனையுதோ?" யோசிச்சுப் பாத்தா இல்லை. உடன காருக்குக் கீழ படுத்து ஏசித் தண்ணி வெளிய வாற சின்னக் குழாயை ஒரு கம்பியால குத்தினார், மண்ணும் குளவிக் கூடும் விழுந்து பின்னால ஒரு செம்புத் தண்ணி அவற்ற சேட்டில. குளவி கூடு கட்டி அடைச்ச குழாய்க்கு எங்கட ஹீற்றர் தண்டனை அனுபவிச்சிருக்கு, அதுவும் நுவரெலியா மலையில தேவைப்பட்ட நேரம்.

ஹீற்றர் எண்டுறது டாஷ்போர்ட்டுக்குள்ள இருக்கிற இன்னொரு குட்டி ரேடியேற்றர். அதுக்கெண்டு தனியா நெருப்பு எரியிறேல்லை, இஞ்சின்ர சுடுதண்ணி அதுக்கால ஓடும், பின்னால ஃபான் ஊதும், அவ்வளவுதான். ஐயா சொன்னார், ஆரம்பத்து மொறிஸ் மைனருக்கு வோட்டர் பம்ப்பே இல்லையாம், சுடுதண்ணி மேல ஏறும் ஆறின தண்ணி கீழ இறங்கும் எண்ட கணக்கிலயே ஓடினதாம், பம்ப் வந்தாப் பிறகுதான் ஹீற்றரே குடுக்கக்கூடியதா இருந்ததாம். அப்ப ஹீற்றர் சூடா ஊதினா இஞ்சினுக்குள்ள தண்ணி இருக்கு, சுத்துது எண்டு அர்த்தம். முள்ளு மேல நிக்குது, ஆனா ஹீற்றர் குளிரா ஊதுது எண்டா தண்ணி குறைஞ்சு போச்சு, இல்லாட்டி காத்து அடைச்சிருக்கு, இல்லாட்டி பம்ப் தண்ணியைத் தள்ளேல்லை, உடன நிப்பாட்டுங்கோ. முள்ளை மட்டும் நம்பேலாது, தண்ணி முழுக்க ஓடிப்போனா சென்சர் காத்துக்குள்ள நிண்டுகொண்டு முள்ளைக் கீழ இறக்கியும் காட்டும். எங்கட காரில லைனை வெட்டி விட்டபடியால் அண்டைக்கு எனக்கு அந்தச் சாட்சியும் இல்லாமல் போச்சு.

வெட்டின ஹோசைத் திரும்ப மாட்டினம், ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. கொழும்பில பழைய வாகனச் சாமான் விக்கிற பஞ்சிகாவத்தையில இருந்து நல்ல ரேடியேற்றர் ஒண்டும் ஃபான் மோட்டரும் பஸ்ஸில போட்டு அனுப்பிச்சினம். புதுத் தெர்மோஸ்ரற் இஞ்ச ரவுணிலயே கிடைச்சது, 82 எண்டு அடிச்சிருக்கு. புதுசெண்டு நம்பாமல் அம்மான்ர பால் சட்டியில தண்ணி விட்டு அடியில முட்டாமல் நூலில கட்டித் தொங்க விட்டுச் சூடாக்கினன், தேமோமீற்றர் 82, 83க்கு வரேக்க மெல்ல வாய் திறந்து 95க்கு நல்லாத் திறந்திட்டுது, இறக்கி ஆற விடப் பூட்டிட்டுது. பாக்க ஆசையா இருந்தது. அம்மா அந்தச் சட்டியைத் திரும்ப அடுப்பில வைக்கேல்லை, இப்ப அது கோழிக்கு. பூட்டேக்க அதில இருக்கிற சின்ன ஆடுற ஊசி மேல் பக்கம் வரோணும், அதுக்காலதான் காத்து வெளியேறும்.

எல்லாம் பூட்டிக் கூலன்ற் ஊத்தி ஹீற்றரைப் போட்டா திரும்பக் குளிர் காத்து! அழுகை வராத குறை. பொனற்றுக்குக் கிட்டப் போய் ரெண்டு ஹீற்றர் ஹோசையும் தொட்டுப் பாக்கச் சொன்னார். ரெண்டும் சுட்டா ஹீற்றருக்குள்ள தண்ணி ஓடுது, பிழை உள்ளுக்குக் கேபிளிலயோ கதவிலயோ. ஒண்டு சுட்டு மற்றது குளிர்ந்தா அடைப்பு, இல்லாட்டி வால்வ் திறக்கேல்லை. ரெண்டும் குளிர்ந்தா தண்ணியே அங்க போகேல்லை. எங்கடது ரெண்டும் குளிர், டாஷ்போர்ட்டுக்குள்ள வாய்க்கால் ஓடுற மாதிரிக் களகள எண்டு சத்தம், ஏர்லொக், குழாய்க்குள்ள காத்து அடைச்சுக்கொண்டிருக்கு. காரின்ர முகத்தை மேட்டில ஏத்தி வச்சு, இஞ்சின் ஆறி இருக்கேக்கயே மூடியைக் கழட்டி, லீவரைச் சிவப்பில வச்சு, இஞ்சினை ஓட விட்டு ஹோசுகளை நசிச்சுக்கொண்டு நிக்கோணும், காத்து குமிழியா மூடி வாயால வரும். ஆனா யாழ்ப்பாணத்தில மேட்டுக்கு எங்க போறது? கீரிமலை எண்டு பேரில மட்டும் மலை இருக்கு. கடைசியா எங்கட வீட்டுக் கேற்றடிச் சாய்வில முன் சில்லு ரெண்டையும் ஏத்தி, பின் சில்லுக்குக் கல்லு வச்சு, 40 நிமிசம். ஒழுங்கையால போற சைக்கிளெல்லாம் இறங்கி உருட்டிக்கொண்டு போச்சுது. தெர்மோஸ்ரற் திறந்த உடன தண்ணி மடமட எண்டு இறங்கினது, ஊத்தினம், திரும்ப இறங்கினது, ஊத்தினம், பிறகு ஒரேயடியா டாஷ்போர்ட்டுக்கால அனல் காத்து. வெளியில 33 பாகை வெயில், நான் காருக்குள்ள வேர்த்து ஒழுகிக்கொண்டு சிரிச்சுக்கொண்டிருக்கிறன், பக்கத்து வீட்டு அன்ரி மதிலால எட்டிப் பாத்துப்போட்டு அம்மாவைக் கூப்பிட்டவா.

இப்ப நல்லூர் நெரிசலிலயும் முள்ளு நடுவில ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. மாதத்தில ஒரு நாள் அஞ்சு நிமிசம் ஹீற்றரைப் போட்டு விடச் சொல்லி ஐயா சொன்னவர், வால்வும் கேபிளும் இறுகாமல் இருக்க. அதை நான் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகேக்க செய்யிறனான், அப்பா அந்த நாளில மட்டும் சைக்கிளில வாறன் எண்டு நிக்கிறார்.